பொய் நேய்

அந்தக் கதவைத் தாண்டும்போதுதான், எப்போதும்.
அர்ஷியா புகைக்குண்டை உருட்டிவிட்டு
"நீ முன்னாடி போ" என்பாள்.
நூற்றுப் பத்தில் ஓடும் ஃபிரேம்
பத்தொன்பதுக்குச் சரியும்.
என் ஒரு கால் அந்தரத்தில்.
புகை கல்லாகும்.
படம் மறுபடி நகரும்போது
நான் தரையில் கிடப்பேன்.
பேரணாம்பட்டிலிருந்து ஹெட்செட்டில் அவள்:
"இன்னாடி, மறுபடியும் செத்துட்டியா?"

சத்துவாச்சாரி. மொட்டைமாடி அறை. மே மாதம்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
பெட்டிக்குள் தொண்ணூற்று நான்கு.
பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன்.
அது வெயிலை அள்ளி உள்ளே போட்டது.
நிழல்களை அணைத்தேன்.
மரங்களுக்கு இலை வேண்டாம் என்றேன்.
தண்ணீர் அசைய வேண்டாம் என்றேன்,
பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
அதில் பெரிய நஷ்டமில்லை.
அப்படியும் அந்தக் கதவு.

சரி, பிராசஸரை மாற்றிவிடுவோம்.
இரண்டு மாதம் ஓவர்டைம்.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை.
விடியற்காலை ஐந்தரைக்கே வரிசை,
மால்டாவிலும் அசன்சோலிலும் ரயிலேறிக்
காட்பாடியில் இறங்கியவர்கள்.
அவர்களிடம் கற்றது இரண்டே இரண்டு.
முட்டோ கொருன்: கையை மடக்குங்கள்.
பொய் நேய்: பயமில்லை.
தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.
ஊசி இறங்கும்போது
அப்படிக் கேட்பதும் சரிதான்.

கடைக்காரர் புருஷோத்தமன்
"சாக்கெட் அதேதான், போர்டை மாத்த வேணாம்,
பயாஸ் மட்டும் அப்டேட் பண்ணச் சொல்லுங்க,
வீட்டுக்காரருக்குத்தானே மேடம்?" என்றார்.
எனக்கு, என்றேன்.
இலவசமாக ஒரு மவுஸ் பேட் கொடுத்தார்,
ரோஜா நிறத்தில்.

பயாஸ் ஏறிய ஆறு நிமிடமும்
மின்வாரியத்தைக் கும்பிட்டேன்.
பிறகு கூலரைத் தூக்கினால்
பசை காய்ந்து பாறையாகி
பழைய பிராசஸர் வேரோடு வந்துவிட்டது.
ஓரத்தில் மூன்று பின் வளைந்து.
அதை அர்ஷியாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன்,
அவளுடையது இன்னும் பழசு, நான்கு கோர்.
விளக்கைச் சாய்த்து, மூச்சை நிறுத்தி,
நுனி மெலிந்த இடுக்கியால்
ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.
கைக்குழந்தைக்கு நரம்பு தேடுகிற கை இது.
பொய் நேய், என்றேன் அதனிடம்.

புதியதை உட்காரவைத்து
பசை தடவி, திருகை முடுக்கி
பதினொன்றே காலுக்கு விளையாட்டைத் திறந்தேன்.
சூடு எழுபதைத் தாண்டவில்லை.
நூற்று நாற்பது ஃபிரேம்.
கதவு.
முப்பத்தொன்று.
நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

ஒரு மணிக்கு பயாஸில் வேறெதையோ தேடிப் போய்
மெமரி வரியைப் பார்த்தேன்: 2133.
வாங்கிய அட்டையில் போட்டிருந்தது 3200.
இரண்டு வருடம், நான்கு மாதம்.
ஆஃப் என்றிருந்த ஒரு கட்டத்தை
ஆன் ஆக்க வேண்டும், அவ்வளவுதான்.
அதுவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
எத்தனை குழாய் ரத்தம் என்று
ஓவர்டைம் கணக்கைப் போடத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

அர்ஷியா இன்னும் விழித்திருந்தாள்.
புகைக்குண்டு. "நீ முன்னாடி போ."
போனேன்.
கதவுக்கு அந்தப்பக்கம்
ஒரு மேசை, கவிழ்ந்த நாற்காலி,
யாரும் அணைக்காத ஒரு மின்விசிறி.
ஒன்றரை வருடமாக இதற்குத்தான் செத்திருக்கிறேன்.
"வந்துட்டேன்டி" என்றேன்.
பதில் இல்லை.
திரும்பிப் பார்த்தேன்.
வாசலில் அவள்,
ஒரு கால் அந்தரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை, குடியாத்தம் வழி பஸ்ஸில்
என் மடியில் ரத்தக் குழாய் வைக்கும் காலிப் பெட்டி.
உள்ளே பளபள உறைக்குள்
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு பின்.
மூன்று மட்டும்
கூர்ந்து பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும்.
பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம்
பெட்டியை இரண்டு கையாலும்
காற்றில் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.